வரலட்சுமி கடையின் மகிழ்ச்சிக் குறைபாடு

முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு தெருவில் இருந்த வரலட்சுமியின் இட்லிக் கடையில், காசிலிங்கம் ஆறு ஆண்டுகளாகக் காலை உணவு உண்டு வந்தார். சரியாக ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சைக்கிளை மின்கம்பத்தில் சாய்ப்பார். சுவரோரப் பெஞ்சின் இடது முனையில் அமர்வார். அந்தப் பெஞ்சின் நான்கு கால்களில் ஒன்று குட்டை; ஆகவே மறுமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் கன்னியப்பன் வந்து அமர்ந்ததும், காசிலிங்கம் அரை விரற்கடை உயர்வார். அந்த உயர்வு முடிவதற்குள் அவர் முன் தட்டு வந்திருக்கும். இரண்டு இட்லி, ஒரு வடை, சட்னி. இரண்டாம் இட்லி பாதியாகும் வேளையில் இன்னொரு கரண்டி சாம்பார் விழும். இவற்றில் எதையும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என்ன வேண்டும் என்று வரலட்சுமியும் ஒருநாளும் வினவியதில்லை.

ஏழரைக்கு எழுந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குச் சைக்கிள் மிதிப்பார். அங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் ஆலை ஒன்றில் அவர் கிடங்குக் காப்பாளர். கண்ணால் பாராத வாளியைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது அவர் கொண்டிருந்த ஒரே நெறி. முதலாளியே வந்து நின்று, "பரவால்ல, இருக்குன்னு எழுதுய்யா" என்றாலும், எழுந்து போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து, "இல்லீங்க" என்பார்.

அவர் மனைவி கமலா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் அவருக்குள் இருந்ததைத் துக்கம் என்று சொல்லிவிட முடியாது. துக்கம் என்பதற்குரிய அசைவு அதில் இல்லை. நாட்கள் வந்தன, போயின. கருமாதி முடிந்த மறுநாள் காலை, அடுப்பு மூட்டத் தெரியாமல் தெருவில் நடந்தவர் இந்தக் கடையின் முன் நின்றார். தமக்கு என்ன வேண்டும் என்பதே அப்போது அவருக்குத் தெரியவில்லை. வரலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தட்டை நீட்டினாள். அன்று தொடங்கிய வழக்கம் அது.

இந்நிலையில் 2006ஆம் ஆண்டு வந்தது. ஊரின் ஆங்கிலப் பெயர் மாறிய ஆண்டு அது. பெயர் மாறினால் புதிய பலகைகள் வேண்டும். பலகைகள் வந்துவிட்டால், அவற்றை மாட்டிக்கொள்ளப் புதிய துறைகளும் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கக்கூடும். அவ்வகையில் உருவானதுதான் உணவருந்துவோர் மனநிறைவுத் துறை.

அத்துறையின் களப் பணியாளர் சுமலதா ஒரு திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தார். தேய்ந்த செருப்பும் அட்டையில் கவ்விய படிவக் கட்டுமாக, காசிலிங்கத்தின் எதிரே நின்றார்.

"பதினாலே கேள்விதான் சார். நீங்க சாப்பிட்டுக்கிட்டே சொல்லலாம். இட்லி உருண்டையா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஆவி வந்துச்சா?"

"வந்துச்சு."

"வாயில வைக்கறதுக்கு முன்னாடி எதிர்பார்ப்பு ஏதாவது இருந்துச்சா?"

காசிலிங்கம் யோசித்தார். "பசி இருந்துச்சுங்க."

"அது பன்னெண்டாவது கேள்வில வரும் சார்." அவர் சலிப்பில்லாமல் அடுத்தடுத்துக் கட்டங்களில் குறியிட்டுக்கொண்டே வந்து ஏழாம் கேள்வியில் நின்றார். "சாப்பிடும்போது மகிழ்ச்சி ஏற்பட்டதா? ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு."

காசிலிங்கம் இட்லியைக் கீழே வைத்தார். கிடங்குக்குள் போவதுபோலத் தமக்குள் போனார். மகிழ்ச்சிக்கு உரிய அலமாரியைக் கண்டுபிடித்தார். அது தூசியில்லாமல், ஒழுங்காக, காலியாக இருந்தது.

"இல்லீங்க," என்றார்.

சுமலதா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆம்னு போட்டுக்கவா சார்? எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"இல்லாதத எப்படிங்க போடறது?"

"எனக்கு ரெண்டு ஆம் போட்டுக்கம்மா," என்றான் கன்னியப்பன். "அவரு பங்கையும் சேத்து நானே சந்தோஷமா இருந்துட்றேன்."

ஒருவருக்கு ஒரு படிவம்தான் என்று சுமலதா விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

பாட்டில் மயங்கிய காக்கை வடையை இழந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அந்த நரிக்கும் இப்போது வயதாகிவிட்டது; பாடச் சொல்வதை விட்டுவிட்டது. மரத்தடியில் மேசை போட்டு அமர்ந்து, வடை எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்கிறது. காக்கை பொய் சொன்னாலும் மெய் சொன்னாலும் வாயைத் திறந்தாக வேண்டும்.

பதினோராம் நாள் கடை மூடியிருந்தது. கதவில் பச்சை நிறத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. உணவருந்துவோர்க்கு மகிழ்ச்சி ஏற்படுத்தத் தவறியமையால், புகார்தாரர் திரு. காசிலிங்கம் நிறைவடையும் வரை இவ்வுணவகம் இயங்கத் தடை விதிக்கப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. வரலட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மாவுக் குண்டானின் மூடி, உள்ளே பொங்கிய மாவால் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது.

"இந்தக் காசிலிங்கம் யாருண்ணே?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

"அதான் கேட்டேன்." அவள் குண்டானைக் காட்டினாள். "ராத்திரியே அரைச்சு வெச்சுட்டேன். பொங்கி நிக்குது. மாவுக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது."

"நான் புகாருன்னு ஒண்ணும் சொல்லல."

"சந்தோஷம் இல்லன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப ஆறு வருஷமா எதுக்கு வந்தீங்க?"

பதினான்கு கேள்விகளில் அது இல்லை. வரலட்சுமி குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தக் கடை தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காசிலிங்கம் துறை அலுவலகத்துக்குப் போனார். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர் கட்டிய உயர்ந்த தூண்களுடைய வீடு ஒன்றின் மாடியில் அது இருந்தது. துணை இயக்குநர் ஆனந்தராஜ் அன்பானவர். உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"புகாரத் திரும்ப வாங்கிக்கறேங்க," என்றார் காசிலிங்கம்.

"நீங்க புகாரே குடுக்கலையே சார். இல்லைன்னுதான் சொன்னீங்க, அத நாங்கதான் புகாரா ஆக்கினோம். குடுக்காத புகார எப்படித் திரும்ப வாங்குவீங்க?"

"அப்ப ஆம்னு மாத்திக்குங்க."

"மாத்தினா, கடைக்காரம்மா மிரட்டி மாத்த வெச்சதா அர்த்தமாயிடும். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அவங்க கொஞ்சம் கடுமையானவங்க."

காசிலிங்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆனந்தராஜ் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொல்லும் குரலில் தொடங்கினார்.

"பாருங்க சார். நாங்க வர்றதுக்கு முன்னாடியும் இந்த ஊர்ல ஜனங்க சாப்பிட்டாங்க. நான் மறுக்கல. சந்தோஷமாக்கூடச் சாப்பிட்டிருக்கலாம். ஆனா ஆதாரம் எங்க? ஒரு காகிதம் காட்டுங்க பார்ப்போம். நாம சந்தோஷமா இருக்கமா இல்லையாங்கறத ஜனங்க கைலயே விட்டுட்டா, ஆளுக்கொரு மாதிரி இருந்துட்டுப் போயிடுவாங்க. ஒரு சீர் வேணும்ல? போன மாசம் மட்டும் இந்தப் பேட்டைல எண்ணூத்திப் பதினாறு ஆம். எல்லாம் பொய்யின்னு எனக்கும் தெரியும். பொய்யா இருந்தாலும் ஒரே மாதிரி இருந்துச்சு, கூட்டிப் போட முடிஞ்சுது. நீங்க ஒருத்தர்தான் நெஜம் சொன்னீங்க. அதனாலதான் கடைய மூட வேண்டியதாயிடுச்சு. துறை ஆரம்பிச்சதுலேருந்து எங்களுக்குக் கெடைச்ச முதல் கோப்பு நீங்க. சும்மா விட்டுட முடியுமா?"

பின்னர் நடைமுறையை எடுத்துச் சொன்னார். காசிலிங்கம் வேறெங்கேனும் உண்டால் மகிழ்கிறாரா என்று முதலில் அறிய வேண்டும். மகிழ்ந்தால் பிழை கடையினுடையது.

"மகிழலைன்னா?"

ஆனந்தராஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மூடினார். "அந்த விதி இன்னும் அச்சாகி வரல," என்றார்.

இவ்வாறு காசிலிங்கம் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் ஊரின் மற்ற உணவகங்களைக் கண்டார். அவருடன் ஆனந்தராஜும், உதவியாளர் இருவரும், ஒரு புகைப்படக்காரரும், படிவத்துடன் சுமலதாவும் சென்றனர். மேற்பார்வையிடுவோர் வெறும் வயிற்றோடு மேற்பார்வையிடக் கூடாது என்பது விதியாதலால், அனைவரும் உண்டனர்.

முதலில் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு காப்பிக் கடை. பிறைநிலா வடிவத்தில் ஒரு ரொட்டி வந்தது. காசிலிங்கம் வாய் திறந்த போதெல்லாம் புகைப்படக்காரர் படமெடுத்தார். பரிமாறியவன் நான்கு முறை வந்து, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றார் காசிலிங்கம். அது உண்மை, ரொட்டியைப் பற்றிய உண்மை.

"ஏழாவது கேள்வி?" என்றார் சுமலதா.

"இல்லீங்க."

அடுத்து ஒரு பெரிய ஓட்டல். இருபத்தெட்டு வகை உணவை வரிசையாக அடுக்கி, கீழே விளக்கேற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனிப் படிவம் எழுதியதில் மதியம் தொடங்கிய உணவு அந்தி வரை நீண்டது. உதவியாளர்களுள் ஒருவர் இருபத்தெட்டுக்கும் ஆம் என்று தாமாகவே சொன்னார். அவர் சாட்சியம் ஏற்கப்படவில்லை.

மூன்றாவதாக வைத்திக்குப்பத்தில், படகுகளுக்குப் பின்னால் ஆயம்மா நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடை. ஆயம்மா சங்கரா மீன் குழம்பை ஊற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அவரு தின்றாரு. நீங்கல்லாம் ஏன் அவரு மூஞ்சியப் பாக்கறீங்க?"

"மகிழ்ச்சியக் கண்காணிக்கறோம்மா," என்றார் ஆனந்தராஜ்.

"மொதல்ல முள்ளக் கண்காணிங்க."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், காசிலிங்கத்தின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி உண்ட மூத்த உதவியாளரின் தொண்டையில் முள் சிக்கியது. ஆயம்மா வெறும் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் செய்து அவரைக் காப்பாற்றினாள். அன்றைய அறிக்கையில், புகார்தாரரின் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்றும், உதவியாளரின் முகத்தில் இருந்தது என்றும் பதிவாயிற்று.

அன்று வீடு திரும்பும் வழியில் காசிலிங்கம், மூன்று உணவகங்களிலும் எப்படி இருக்கிறது என்று தம்மை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டார்கள் என எண்ணிப் பார்த்தார். எண்ணுவது அவர் தொழில். முப்பத்தேழு முறை. ஆலையிலும் கேட்டார்கள், உறவினர் வீடுகளிலும் கேட்டார்கள், கமலா போன நாளிலிருந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காத வாய் இல்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் உள்ளே போய்க் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. அப்படிப் போக வேண்டியிராத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அவர் மூடுவித்திருந்தார்.

வரலட்சுமி வீட்டு வாசலில் இறங்கினார்.

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டியேம்மா. நீ ஒண்ணும் கேக்கமாட்ட. அதுக்குத்தான் வந்துட்டிருந்தேன்."

வரலட்சுமி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க அதக் கேக்கலையே."

"நல்லா இருக்குதுண்ணே உங்க ஞாயம்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கடை மூடிய முப்பத்து மூன்றாம் நாள் இறுதி விசாரணை. அதே உணவை, அதே புகார்தாரர், நடுநிலையான இடமொன்றில் உண்ண வேண்டும். நடுநிலையான இடம் துறை அலுவலகமே என்று முடிவாயிற்று. வரலட்சுமி வீட்டிலேயே இட்லி அவித்து, தூக்கில் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே வந்து காத்திருந்தாள். விசாரணை பதினொன்றரைக்குத் தொடங்கியது. இட்லி குளிர்ந்து கல்லாகியிருந்தது. சட்னிக்கு அந்தக் குறை இல்லை. முப்பத்து மூன்று நாள் ஆத்திரத்தை அவள் அம்மியில் வைத்து அரைத்திருந்தாள். எத்தனை மிளகாய் என்று அவளுக்கே கணக்கில்லை.

நீண்ட மேசையின் ஒருபுறம் ஐவர் அமர்ந்தனர். மறுபுறம் காசிலிங்கம் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தார்.

முதலில் ஒன்றும் நேரவில்லை. பிறகு நாக்கு எரிந்தது. எரிகிறது என்பதே அவருக்கு வியப்பாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்த நாக்கு எதையும் அறிவித்ததில்லை. இன்னொரு விள்ளல் எடுத்தார். கண்ணில் நீர் திரண்டு வழிந்தது. தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு உண்டார். மிளகாயின் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கண்ணீர் அதற்கப்பாலும் நெடுநேரம் வழிந்தது. கமலாவைத் தூக்கிச் சென்ற அன்றுகூட அது வந்திருக்கவில்லை.

ஐவரும் தலை கூடி ஆலோசித்தனர்.

"அழறாரு சார். இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே," என்றார் உதவியாளர்.

"ஆனந்தக் கண்ணீர்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் ஆனந்தராஜ். "பத்துக்குப் பத்து."

"இது ஆனந்தமான்னு எப்படி சார் தெரியும்?"

"ஆனந்தம் இல்லாத கண்ணீருக்கு நம்மகிட்டக் கட்டம் இல்ல. ஆகையினால இது ஆனந்தம்தான்."

சுமலதா குறியிட்டார். வாசலோரம் நின்ற வரலட்சுமி காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் படியிறங்கினாள்.

திறப்பாணை வர மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. ஆணையில் ஊரின் பழைய பெயருடைய ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டார்கள். புதிய பெயருடைய முத்திரை அச்சகத்தில் இருந்தது. வந்த ஆணையில் ஒரு நிபந்தனையும் இருந்தது. குறைபாடு கண்டறியப்பட்ட கடையாதலால், இனி நாள்தோறும் உண்போர் ஐம்பது பேர் பதினான்கு கேள்விகளுக்கும் எழுத்து மூலம் விடையளித்தாக வேண்டும். பெயர் கட்டாயமில்லை. ஐம்பதில் ஒன்று குறைந்தாலும் மறுநாள் பூட்டு.

கடை திறந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள் வந்தார்கள். படிவத்தைக் கண்டதும் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

"இட்லி திங்க ரெண்டு நிமிஷம், அதோட அருமை பெருமைய எழுத இருவது நிமிஷம்," என்றான் கன்னியப்பன். "எனக்கும் கட இருக்குது, பஞ்சர் காத்துட்டுக் கெடக்குது." அவனும் பார்சல் வாங்கிக்கொண்டு நழுவினான். அன்று மாலை வரலட்சுமி தெருவில் போவோரை எல்லாம் மறித்துக் கெஞ்சி ஐம்பதை நிறைத்தாள்.

அன்று காலை காசிலிங்கம் ஏழு பத்துக்கு வந்து அமர்ந்தபோது தட்டு வரவில்லை. வரலட்சுமி வந்து எதிரே நின்றாள்.

"என்ன வேணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு இட்லி."

"வடை?"

"ஒண்ணு."

"சட்னியா, சாம்பாரா?"

அவள் குரலில் கோபம் இல்லை; முன்பின் அறியாதவரிடம் பேசும் மரியாதை இருந்தது. இட்லி நன்றாகவே இருந்தது. இரண்டாம் இட்லி பாதியாயிற்று. சாம்பார் வரவில்லை.

மறுநாள் அவர் அதிகாலை நான்கு மணிக்கே வந்தார். மேசை மேலிருந்த படிவக் கட்டை எடுத்துக்கொண்டு தம் மூலையில் அமர்ந்தார். கிடங்கிலிருந்து கொண்டு வந்திருந்த நீலம், கறுப்பு, சிவப்புப் பேனாக்களை வரிசையாக வைத்தார். முதல் படிவத்தின் ஏழாம் கேள்வியில் ஆம் என்று எழுதினார்.

முப்பது ஆண்டுப் பணியில், இல்லாத சரக்கை இருப்பதாக அவர் எழுதியது அதுவே முதல் முறை. இரண்டாவதும் எழுதினார். ஒரே மாதிரி எழுதினால் ஐயம் வரும் என்று, ஒவ்வொருவரையும் தனித்தனியே மனத்தில் நிறுத்தி எழுதினார். பேருந்து நடத்துநர் ஒருவர், வயது நாற்பத்தொன்று, வடையின் ஓட்டையைக் கண்டதும் சிறு வயது நினைவு வந்து மகிழ்ந்தார். தையற்காரர் ஒருவர், பல் வலி தீர்ந்த பின் முதன்முதலாக மென்றதில் மகிழ்ந்தார். மகளின் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த ஒருவர், இட்லி வாயில் இருந்தவரை அதை மறந்திருந்தார். ஏழு மணிக்கு ஐம்பதும் நிறைந்தன. கேள்வி கேட்பாரற்ற கடைக்கு ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள்.

வரலட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனினும் ஏழு பத்துக்கு வந்து நின்று, "என்ன வேணும்?" என்றே கேட்டாள். அவர் சொன்னார். அவள் கொண்டு வந்தாள். இரண்டு வாரம் இவ்வாறே போயிற்று.

பதினைந்தாம் நாள் ஆனந்தராஜ் நேரிலேயே வந்தார். கையில் ஒரு படிவம் இருந்தது; கண் கலங்கியிருந்தது.

"ஊர்லயே உங்க கடைதாம்மா முதல். ஐம்பதுக்கு ஐம்பது. இத ஒருத்தர் எழுதியிருக்காரு, கேளுங்க. 'பொண்டாட்டி போன பிறகு எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல. இங்க ஒருத்தங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.' என்னா எழுத்து பாருங்க. நாங்க கேட்டதாலதான இது வெளிய வந்துச்சு? அதான் சொல்றேன், கேக்கணும். விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கணும்." பெஞ்சிலிருந்த காசிலிங்கத்தைப் பார்த்துக் கனிவுடன் சிரித்தார். "நீங்களும் வர்றீங்களா சார் இன்னும்? ரொம்ப சந்தோஷம். எப்படி இருக்கு இப்ப?"

"நல்லா இருக்குதுங்க," என்றார் காசிலிங்கம்.

ஆனந்தராஜ் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு வழக்கம்போல் வந்து, காசிலிங்கம் ஐம்பது படிவங்களை முடித்தார். கட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எடுத்து ஏழாம் கேள்வியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்தார்; எட்டாக மடித்தார்; குனிந்து பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். கன்னியப்பன் வந்து மறுமுனையில் பொத்தென்று உட்கார்ந்தான். காசிலிங்கம் உயரவில்லை.

"என்னா, ஆடல?" என்றபடி கன்னியப்பன் கீழே எட்டிப் பார்த்தான். "அட, இதுக்காவது ஆச்சே."

மணி ஏழு பத்து. வரலட்சுமி அடுப்பை விட்டு வந்தாள். காசிலிங்கம் சொல்வதற்கு ஆயத்தமாக வாயைத் திறந்தார். அதற்குள் தட்டு அவர் முன் அமர்ந்திருந்தது. இரண்டு இட்லி, ஒரு வடை, சட்னி. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் தலை குனிந்து உண்டார். இரண்டாம் இட்லி பாதியானபோது, மேலிருந்து ஒரு கரண்டி சாம்பார் விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.